மோதலே இல்லாமல் முட்டு போவது ஏன்? பெண்கள் கால்பந்துக் காயங்கள் பற்றி

கேள்வி: கொல்லங்கோடு, நீரோடி, பொழியூர் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். 22 பேர் உள்ள அணியில் ஒரே சீசனில் இரண்டு பேருக்கு ஏசிஎல் (முட்டுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் என்ற நார்) கிழிந்துவிட்டது. இரண்டு தடவையும் யாரும் இடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைகளுக்கு இடுப்பு அகலம், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் ஆட விடாதே என்கிறார்கள். ஆராய்ச்சி என்ன சொல்கிறது? நான் என்ன செய்யலாம்?

பதில்:

யாரும் இடிக்காமல் கிழிந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை, ஏசிஎல் பெரும்பாலும் அப்படித்தான் கிழிகிறது. தொழில்முறைப் பெண் வீராங்கனைகளின் 35 ஏசிஎல் காயங்களை வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. பாதிக்கு மேல் எவரும் தொடாமலே நடந்தவை. மூன்றில் ஒரு பங்கு, தோளில் இடி, சட்டையில் இழுப்பு என்று வேறெங்கோ பட்டு நிலை தவறியதால் வந்தவை. முட்டிலேயே நேராக அடி விழுந்தது பத்தில் ஒன்றுதான். பந்தோடு போகும்போது வந்ததைவிட, பந்து வைத்திருப்பவளை நெருக்கப் போகும்போது வந்ததே அதிகம். வேகமாக ஓடி வந்து, அவள் இடமா வலமா என்று கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலை ஊன்றிப் பிரேக் போடும் அந்த நொடிதான் ஆபத்தான நொடி.

அந்த நொடியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கால் உடம்புக்கு வெளியே தள்ளி ஊன்றியிருக்கும். முட்டு ஏறக்குறைய நேராக, மடங்காமல் இருக்கும். மேலுடம்பு ஊன்றிய காலின் பக்கமாகச் சாய்ந்திருக்கும். பாரம் இறங்கியதும் முட்டு உள்பக்கமாக விழும், கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கித் திருகும். அந்த வழுக்கலையும் திருகலையும் பிடித்து நிறுத்துவதுதான் ஏசிஎல்லின் வேலை. பெண்கள் ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆட்டங்களில் நடந்த 10 காயங்களை 2010-இல் அளந்து பார்த்தவர்கள், கால் தரையைத் தொட்டு ஏறத்தாழ 40 மில்லி நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். நொடியில் 25-இல் ஒரு பங்கு! "முட்டை மடக்கு" என்று மூளை யோசித்துத் தசைக்குச் சேதி அனுப்ப அது போதாது. தொடையின் பின் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங், கால் தரையைத் தொடும் முன்பே இறுகியிருக்க வேண்டும். அதனால்தான் "கவனமா ஆடு பிள்ளே" என்று சொல்லி இதைத் தடுக்க முடியாது. உடம்புக்குப் பழக்கமாகியிருந்தால்தான் உண்டு.

பெண்களுக்கு அதிகம் என்பது உண்மையா என்றால், உண்மைதான். ஆடும் நேரத்தைக் கணக்கிட்டால் கால்பந்தில் ஆண்களைவிட 2 முதல் 3 மடங்கு. பழைய கணக்கு ஒன்று: அமெரிக்கக் கல்லூரி அணிகளில் 1989 முதல் 1993 வரை, ஒருவர் ஒரு பயிற்சிக்கோ ஆட்டத்துக்கோ இறங்குவதை ஒரு தடவை என்று எண்ணினால், 1000 தடவைக்குப் பெண்களில் 0.31 ஏசிஎல் காயம், ஆண்களில் 0.13. வயதிலும் வித்தியாசம் உண்டு, பெண்களுக்குச் சில வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆண்களுக்கு வராது என்று நம் கடற்கரையில் யாரும் சொல்லப்போவதில்லை. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2020 நவம்பரில் ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டில் அடிபட்டு வெளியே போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

இந்த எண்களை உங்கள் அணியோடு ஒப்பிட ஒரு அளவுகோல் சொல்கிறேன். ஸ்வீடனில் 12 முதல் 17 வயதுப் பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், தனிப் பயிற்சி எதுவும் கொடுக்கப்படாத 2085 பேரில் ஒரு சீசனில் 14 பேருக்கு ஏசிஎல் கிழிந்தது. சுமார் 150 பேருக்கு ஒருவர். உங்களிடம் 22-க்கு 2. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது கெட்ட நேரமும் இப்படிக் காட்டும்தான். ஆனால் கெட்ட நேரம் என்று விட்டுவிடாமல் தரை, பூட்ஸ், ஆட்ட நெருக்கம் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

இடுப்பு அகலம் பற்றி. அகலமான இடுப்பால் தொடை எலும்பு சாய்வாக இறங்குகிறது, அதனால் முட்டு உள்ளே விழுகிறது என்ற விளக்கம் படம் போட்டுக் காட்ட வசதியானது. ஆனால் அந்தக் கோணத்தை அளந்து, அது கூடியவர்களுக்குத்தான் காயம் வருகிறது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஏசிஎல் உட்கார்ந்திருக்கும் எலும்புப் பள்ளம் குறுகலாக இருப்பது, கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் பின்பக்கம் சரிந்திருப்பது ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆதாரம் உண்டு. இருந்தால்தான் என்ன, எலும்பை உங்களால் மாற்ற முடியுமா? மாற்ற முடிந்தது தசையும் பழக்கமும்தான். பருவம் எய்துவதற்கு முன் ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இந்தக் காயத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதன்பின் ஆண் பிள்ளைக்கு உயரத்தோடு தசைபலமும் சேர்ந்து ஏறுகிறது. பெண் பிள்ளைக்கு உயரமும் எடையும் கூடும் வேகத்துக்குத் தசை தானாக ஏறுவதில்லை, ஏற்றிவிட வேண்டியிருக்கிறது.

இதோடு ஆய்வாளர்கள் சிலர் 2021 முதல் அழுத்திச் சொல்லும் இன்னொரு விஷயம் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உடம்பை மட்டும் பார்க்காதே, அந்த உடம்பு வளர்ந்த சூழலையும் பார் என்கிறார்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பையன் 5 வயதில் கடற்கரையில் பந்தோடு இறங்குகிறான். 15 வயதுக்குள் பல்லாயிரம் தடவை குதித்து, வழுக்கி, திரும்பி, விழுந்து எழுந்திருப்பான். அவன் தங்கை 12 வயதில் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும்போதுதான் முதல்முதலாகப் பூட்ஸ் மாட்டுகிறாள். அடுத்த வருடம் மாவட்டப் போட்டி. இரண்டு பேருக்கும் வயதில் ஒன்றிரண்டுதான் வித்தியாசம், ஆனால் பயிற்சி வயது 10-க்கு 1. வித்தியாசத்தில் ஒரு பங்கை இடுப்பெலும்பு மேல் போடும் முன் இதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா? ஆய்வுலகமும் யோக்கியமில்லை. 2014 முதல் 2020 வரை வந்த 5000-க்கு மேற்பட்ட விளையாட்டு அறிவியல் கட்டுரைகளை எண்ணிப் பார்த்ததில், பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31.

மாதவிடாய் விஷயத்தில் ஆதாரம் குழப்பமாகத்தான் இருக்கிறது. இங்கிலாந்து தேசிய அணிகளின் 113 வீராங்கனைகளை 4 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு, கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முந்தைய நாட்களில் தசை, தசைநாண் காயங்கள் சுமார் இரண்டு மடங்கு என்றது. பின்னால் 2024-இல் வந்த சிறிய ஆய்வு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில்தான் தசைக் காயம் அதிகம் என்றது. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, இரண்டும் பேசுவது முக்கியமாகத் தசைக் காயத்தை. ரத்தப்போக்கு உள்ள நாட்களில் ஆடினால் ஏசிஎல் கிழியும் என்பதற்கு இவை எதிலும் இடமில்லை. அந்த நாட்களில் பிள்ளையை உட்கார வைப்பதால் ஒரு மாதத்தில் நாலைந்து நாள் பயிற்சி போகும், அவ்வளவுதான் மிச்சம். வயிற்றுவலியோ களைப்போ இருந்தால் அவளே சொல்லட்டும். சொல்ல முடிகிற மாதிரி ஒரு டீச்சரோ அக்காவோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கைக் குறி மட்டும் உண்டு: மாதவிடாய் 3 மாதத்துக்கு மேல் நின்றுபோவது. "சல்லியம் விட்டது" என்று பிள்ளைகள் இதைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் பெரும்பாலும் ஆடும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்பதன் அடையாளம் அது. எலும்பு பலமிழந்து, அடியே படாமல் கீழ்க்காலிலும் பாதத்திலும் நூலளவு விரிசல் விழும். காலையில் வெறும் கட்டன் சாயாவோடு பயிற்சிக்கு வந்துவிட்டு நேரே பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கிழங்கும் சாளையும் நல்ல சாப்பாடு, அளவு போதுமா என்பதே கேள்வி. ரத்தசோகையும் இதோடு சேர்ந்து வரும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையைச் சாயாவோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், எலுமிச்சை, நெல்லிக்காய் கூடச் சேர்ந்தால் நல்லது.

இனி தடுப்பு. இதில்தான் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. அந்த ஸ்வீடன் ஆய்வின் மறுபாதியைச் சொல்கிறேன். 230 கிளப், 4564 பிள்ளைகள். ஒரு பாதி அணிகள் வாரம் இரண்டு தடவை 15 நிமிடம் முட்டுப் பயிற்சி செய்தன. அவர்களில் 2479 பேருக்கு 7 ஏசிஎல். மற்றவர்கள் 2085 பேருக்கு 14. ஆடிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 64 சதவீதம் குறைவு. வாரம் ஒரு தடவையாவது விடாமல் செய்தவர்களை மட்டும் எடுத்தால் 83 சதவீதம். ஒரு கருவியும் கிடையாது, ஜிம் கிடையாது, செலவு கிடையாது.

ஆனால் இதே போன்ற பயிற்சி ஒரு தடவை தோற்றும் இருக்கிறது. நார்வேயில் 2000-க்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளிடம் 'தி லெவன்' என்ற பயிற்சியை முயன்றார்கள், 2008-இல் முடிவு வந்தது: ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் தேடினால், பாதி நாள் செய்யவே இல்லை, செய்த நாளிலும் அதே பயிற்சி ஏறாமல் அப்படியே இருந்ததால் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. அதைத் திருத்தி, ஓட்டம் சேர்த்து, மூன்று படிகளாகக் கடினமாக்கி உருவானதுதான் இப்போது 'ஃபிஃபா 11 பிளஸ்' என்று எல்லோரும் அறிந்த 20 நிமிட வார்ம்-அப். அதே வருடம் வெளிவந்த அடுத்த ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ள 1892 பெண் பிள்ளைகளிடம் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. எந்தப் பயிற்சி என்பதைவிட, வாரம் தவறாமல் நடந்ததா, சுலபமானதும் அடுத்த படிக்கு ஏற்றினீர்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்வீடன்காரர்கள் செய்தது ஆறு பயிற்சி. அவற்றோடு 11 பிளஸிலிருந்து இரண்டை நான் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் 5 நிமிடம் மெதுவாக ஓட்டம். பிறகு பிள்ளைகளை ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிறுத்துங்கள். ஒருத்தி செய்யும்போது மற்றவள் அவள் முட்டை மட்டும் பார்க்க வேண்டும். 22 பேரை ஒருவர் பார்க்க முடியாது, 11 ஜோடிக்கு 11 ஜோடிக் கண்கள் இருக்கின்றன.

ஒற்றைக்காலில் நின்று அரை ஸ்குவாட், அதாவது பாதியளவு உட்கார்ந்து எழுவது, ஒரு காலுக்கு 8 முதல் 15 தடவை. முட்டு பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே போக வேண்டும், கட்டைவிரலைத் தாண்டி உள்ளே போனால் அது கணக்கில் இல்லை. அடுத்தது மல்லாந்து படுத்து, ஒரு குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது. ஹாம்ஸ்ட்ரிங்குக்கும் பிட்டத் தசைக்கும் இது. இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் இரண்டு காலையும் ஊன்றிச் செய்யச் சொல்லுங்கள். பிறகு இரண்டு கால் ஸ்குவாட், பந்தை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையை விட்டு எழாமல். முழங்கையிலும் பாதத்திலும் உடம்பைத் தாங்கி நிற்கும் பிளாங்க் 15 முதல் 30 நொடி, நேராகவும் பக்கவாட்டிலும். முன்னால் ஓர் எட்டு வைத்து இறங்கும் லஞ்ச். கடைசியில் குதித்து ஒற்றைக்காலில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே அசையாமல் ஒரு நொடி நிற்பது. எல்லாவற்றுக்கும் மூன்று செட் என்பது இலக்கு. முதல் மூன்று வாரம் இரண்டு செட் போதும்.

நான் சேர்ப்பது: ஒன்று, நார்டிக். மண்டியிட்டு நிற்கும் பிள்ளையின் கணுக்காலை ஜோடி பிடித்துக்கொள்ள, அவள் முதுகை நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்து, இனி முடியாது என்றதும் கைகளால் தரையில் தாங்குவது. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை, அதற்குமேல் வேண்டாம். மறுநாள் தொடையின் பின்னால் வலிக்கும். முதல் நாளே 15 செய்ய வைத்தால் அந்த வாரம் முழுக்க யாரும் ஓட மாட்டார்கள், அடுத்த வாரம் 'நார்டிக்' என்றதும் முகம் சுளிப்பார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் இது வேண்டாம். இரண்டு, ஊன்றித் திரும்புவது: 4, 5 எட்டு ஓடி, வெளிக்காலை ஊன்றி, திசை மாறி, மறுபடி ஓட்டம். திரும்பும் முன் எட்டுகளைச் சின்னச் சின்னதாக வைக்கச் சொல்லுங்கள். ஒரே நீண்ட எட்டில் பிரேக் போடுவதுதான் மேலே சொன்ன 40 மில்லி நொடிக்கு வழி. இது கைவந்த பிறகு ஜோடி கைகாட்டும் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். எங்கே திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து திரும்புவதும் தெரியாமல் திரும்புவதும் முட்டுக்கு ஒன்றல்ல.

நீங்கள் நிற்க வேண்டிய இடம் பிள்ளைக்கு நேர் முன்னால். பக்கத்தில் நின்றால் முட்டு உள்ளே விழுவது தெரியாது. போனில் ஸ்லோமோஷன் வைத்து முட்டு உயரத்தில் பிடித்து, அங்கேயே அவளுக்குக் காட்டுங்கள். வாயால் சொல்வதாக இருந்தால் "முட்டை வெளியே தள்ளு, இடுப்பைப் பின்னால் எடு" என்று உடம்புப் பாகம் பாகமாகச் சொல்வதைவிட "சத்தம் கேட்காமல் இறங்கு" என்ற ஒரே சொல் நன்றாக வேலை செய்யும். கடற்கரை மணலில் இந்தச் சொல் உதவாது, அங்கே எப்படி இறங்கினாலும் சத்தம் வராது. அதற்கு வேறு வழி இருக்கிறது. அலை வந்துபோன ஈர மணலில் குதித்து இறங்கச் சொல்லி, தடத்தைப் பாருங்கள். இரண்டு தடமும் ஒரே ஆழமா, ஒரு காலில் மட்டும் பாரம் இறங்கியிருக்கிறதா, குதிகால் மட்டும் குழிந்திருக்கிறதா, விரல்கள் உள்பக்கம் திரும்பியிருக்கின்றனவா எல்லாம் அதில் எழுதியிருக்கும். பிள்ளைகளே அடுத்தவள் தடத்தை வாசிக்கப் பழகிவிடுவார்கள்.

நேரம் போதவில்லை என்றால் பலப் பயிற்சிகளைக் கடைசிக்குத் தள்ளலாம். ஆஸ்திரேலியாவில் ஆண்கள் அணிகளில் 11 பிளஸின் நடுப்பகுதியைப் பயிற்சி முடிவில் வைத்துப் பார்த்தார்கள், விடாமல் செய்வது கூடியது, பலனும் குறையவில்லை. ஆட்ட நாளில் ஓட்டமும் திரும்புதலும் மட்டும் போதும்.

யாருக்கு ஆபத்து என்று சோதித்துப் பார்த்து அவர்களுக்கு மட்டும் செய்தால் என்ன என்று தோன்றும். 2005-இல் 205 பெண்களைப் பெட்டியிலிருந்து குதிக்கவைத்து அளந்த ஆய்வு அந்த நம்பிக்கையைக் கொடுத்தது, ஆனால் அதில் கிழிந்தது 9 பேருக்குத்தான். நார்வேயில் 700-க்கு மேற்பட்ட ஹேண்ட்பால், கால்பந்து வீராங்கனைகளை அதே போலச் சோதித்து வருடக்கணக்கில் காத்திருந்தபோது, சோதனையை வைத்து ஆளைப் பிரிக்க முடியவில்லை. ஆகவே எல்லோருக்கும், எல்லா வாரமும்.

தரைக்கு வருவோம். உங்கள் பிள்ளைகள் வாரம் முழுக்க மணலில், பாதி நேரம் வெறுங்காலில் ஆடுவார்கள். போட்டி மட்டும் உள்நாட்டில் வெயிலில் காய்ந்த சரல் மைதானத்திலோ செயற்கைப் புல்லிலோ நடக்கும். மணல் காலை விட்டுக்கொடுக்கும், ஊன்றினால் சறுக்கும். காய்ந்த தரையில் பூட்ஸின் அடியில் துருத்தும் நீள ஸ்டட் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. பந்தைக் கையாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் மழை குறைந்து தரை காய்ந்த காலங்களில் ஏசிஎல் காயம் கூடியதும், பெண்கள் ஹேண்ட்பாலில் பிடிப்பு அதிகமுள்ள செயற்கைத் தரையில் கூடியதும் பதிவான விஷயங்கள். ஓரங்களில் நீள ஸ்டட் வைத்த பூட்ஸ் பாதத்தைத் திருகவிடாமல் பிடித்து ஏசிஎல்லைக் கூட்டியதாக 1996-லேயே, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் காட்டிவிட்டார்கள். எனவே போட்டிக்கு 10 நாள் முன்பிருந்தாவது வாரம் இரண்டு பயிற்சியை அதே மாதிரித் தரையில், அதே பூட்ஸில் வையுங்கள். காய்ந்த தரைக்கும் செயற்கைப் புல்லுக்கும் குட்டையான, வட்டமான, எண்ணிக்கையில் அதிகமான ஸ்டட். பட்டையான பிளேடு ஸ்டட் ஈரப் புல்லுக்கு மட்டும். அண்ணன் பூட்ஸை முன்னால் துணி திணித்துப் போடுவது நம் ஊரில் சகஜம். பாதம் உள்ளே வழுக்கினால் திரும்பும்போது பாதம் எங்கே நிற்கும் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் 2023-இல் கேட்டபோதே வீராங்கனைகளில் 82 சதவீதம் பேர் பூட்ஸ் அசௌகரியமாக இருக்கிறது என்றார்கள், ஆண் பாதத்தை வைத்துச் செய்த அச்சுதானே பெரும்பாலும்.

ஆட்ட நெருக்கம் இன்னொன்று. நன்றாக ஆடும் மூன்று பிள்ளைகள்தான் பள்ளிக்கும் ஆடுவார்கள், கிளப்புக்கும் ஆடுவார்கள், திருவிழாவில் ஏழு ஏழு பேராக ஆடும் செவன்ஸுக்கும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டத்தில் காயம் வரும் வாய்ப்பு பயிற்சியைப் போலப் பல மடங்கு. செவன்ஸில் களம் சிறிது, ஊன்றித் திரும்புவது அதிகம். ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளையும் வாரத்தில் எத்தனை நிமிடம் ஆடினாள் என்று எழுதுங்கள், மற்ற இடத்து ஆட்டங்களையும் சேர்த்து. போன மாதச் சராசரியைவிட இந்த வாரம் ஒன்றரை மடங்கு தாண்டினால் அடுத்த வாரம் அவளுக்கு ஓய்வு கொடுக்கும் சாக்காவது கையில் இருக்கும்.

தலைக் காயத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், அதுவும் பெண்களுக்கு அதிகம். அமெரிக்கப் பள்ளிக் கால்பந்தில் 10,000 தடவைக்குப் பெண் பிள்ளைகளில் 4.5, ஆண் பிள்ளைகளில் 2.8 மூளை அதிர்ச்சி. ஹெட்டருக்குப் போய்த் தலையோடு தலை இடித்து எழுந்தவள் தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ அன்றைக்கு அவள் ஆட்டம் முடிந்தது.

இனி அந்த இரண்டு பிள்ளைகள் பற்றியும், நாளைக்கு மூன்றாவதாக ஒருத்தி விழுந்தால் என்ன செய்வது என்பது பற்றியும். 'டப்'பென்று உள்ளே சத்தம் கேட்டது என்று சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டு பந்து மாதிரி வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. அதைக் கிழிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "நடந்து பாரு, சரியாகும்" வேண்டாம். துணியில் பொதிந்த ஐஸ் 15 முதல் 20 நிமிடம். நம் கரையில் ஐஸுக்கு என்ன பஞ்சம்! நேராகத் தோலில் மட்டும் வைக்காதீர்கள். இறுக்கமில்லாத கிரேப் பேண்டேஜ், கால் உயரத்தில். நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ முட்டை 90 டிகிரிக்கு மடக்க முடியாவிட்டாலோ அன்றே எக்ஸ்ரே. பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி.

ஆசானைக் கூப்பிட்டு உழிவது பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதில் நம் ஊருக்கானதாகாது. வர்மக்கலை மேல் யாருக்கும் உள்ள மரியாதையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் ரத்தம் கட்டிய முட்டை அழுத்தித் தேய்ப்பதும், இழுத்துத் திருப்புவதும் ரத்தக்கட்டைக் கூட்டும், முட்டுக்குள் மெத்தை மாதிரி ஒட்டியிருந்த மெனிஸ்கஸையும் கிழிக்கலாம். முழுவதும் கிழிந்த ஏசிஎல் உழிச்சலால் ஒட்டாது. ஏமாற்றுவது அடுத்து வருவதுதான். மூன்று நாலு வாரத்தில் வீக்கம் வற்றும், பிள்ளை நேராக நடப்பாள், நேராக ஓடவும் செய்வாள். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. "சரியாப் போச்சு" என்று இறக்குவார்கள். முதல் திருப்பத்தில் முட்டு நழுவும். அந்த இரண்டாவது நழுவலில்தான் மெனிஸ்கஸ் போகும், தேய்மானம் தொடங்குவது அங்கிருந்துதான். வீக்கம் வற்றிய ஒரு வாரம், பத்து நாளில் எலும்பு மருத்துவர் முட்டைக் கையால் இழுத்துப் பார்க்கும் சோதனையும், தேவைப்பட்டால் எம்ஆர்ஐயும் செய்தாக வேண்டும். வீங்கி வலிக்கும் முதல் நாளில் கைச் சோதனையில் சில நேரம் பிடிபடாது.

ஆபரேஷனுக்கு அவசரம் பெரும்பாலும் இல்லை. முட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நின்றால் மட்டும் வேறு கதை. மற்றபடி, முட்டு முழுதாக நீண்டு, வீக்கம் போய், தொடையின் முன் தசை இறுக்கத்துக்கு வந்தபின் செய்தால் பின்னால் முட்டு விறைத்துக்கொள்ளும் தொல்லை குறைவு. ஸ்வீடனில் 121 இளம் பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், உடனே ஆபரேஷன் செய்தவர்களும், முதலில் பயிற்சி எடுத்துத் தேவைப்பட்டால் செய்துகொண்டவர்களும் 2 வருடத்திலும் 5 வருடத்திலும் ஒரே நிலையில் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் சுமார் பாதிப் பேர் 5 வருடம்வரை ஆபரேஷனே செய்துகொள்ளவில்லை. ஆனால் அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்ல, 18 வயது தாண்டியவர்கள். ஊன்றித் திரும்பும் ஆட்டத்துக்கே திரும்ப நினைக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. முடிவை மருத்துவரோடு பேசி வீட்டார் எடுக்கட்டும்.

எப்போது திரும்பலாம்? நார்வே–அமெரிக்க ஆய்வு ஒன்றில் 106 பேரை 2 வருடம் பார்த்தார்கள். ஆபரேஷன் முடிந்து 9 மாதம்வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிவைக்கும்போதும் மறுபடி காயம் வரும் வாய்ப்பு பாதிப் பாதியாகக் குறைந்தது. 9 மாதத்துக்குப் பிறகு தள்ளிவைப்பதில் கூடுதல் லாபம் தெரியவில்லை. எனவே மேயில் ஆபரேஷன் செய்தவளை ஜனவரித் திருவிழா ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் எண்ணிக் காட்டுங்கள்: எட்டுதான் ஆகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது, தொடை பலம் மற்றக் காலின் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். பிசியோவிடம் கருவி இருந்தால் அளப்பார். இல்லையென்றால் நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழுந்து உட்காருவதை இரண்டு காலிலும் தனித்தனியே எண்ணுங்கள், ஒற்றைக்காலில் தாண்டி நிற்கும் தூரத்தை டேப்பால் அளந்து பாருங்கள். தாண்டுவதில் மட்டும் ஏமாறாதீர்கள். இடுப்பையும் கணுக்காலையும் வைத்துச் சமாளித்துப் பிள்ளைகள் 90 காட்டிவிடுவார்கள், நாற்காலி எண்ணிக்கையில்தான் வேஷம் கலையும். பிறகு ஒரேயடியாக ஆட்டம் கிடையாது. தனியாகப் பந்தோடு, பிறகு மோதலில்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி ஒரு மாதம், பிறகு 20 நிமிடம்.

இன்னொன்றும் அந்த இரண்டு வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவிட வேண்டும். 25 வயதுக்குள் ஏசிஎல் ஆபரேஷன் செய்து ஆட்டத்துக்குத் திரும்பியவர்களில் சுமார் 23 சதவீதம் பேருக்கு இன்னொரு ஏசிஎல் போகிறது, அதில் ஏறத்தாழ பாதி அடிபடாத காலில். அந்த 9 மாதமும் எல்லோரும் கட்டுப்போட்ட முட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 15 நிமிடப் பயிற்சியில் ஒற்றைக்கால் ஸ்குவாட் வரும்போது அவர்கள் இருவரையும் நல்ல காலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.